ஏழு நாள் நோட்டு: வீட்டிலேயே பிரஷர் பார்த்து இதயத்தின் நிலையைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்ன அன்று, அவர் இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர். நர்ஸ் அவரை வராந்தா ஸ்டூலில் உட்காரவைத்து, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, "எந்த ஊர் சார், சாப்பிட்டாச்சா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தார். 168/96. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவின் மிஷினை இரவல் வாங்கி வந்து வீட்டில் பார்த்தால் 138/84. இதில் எது அப்பாவின் பிரஷர்?

இரண்டுமே இல்லை. ஒரு வாரம் ஒழுங்காகப் பார்த்து எழுதிய பிறகு கிடைத்த சராசரி 146/88. அதாவது வராந்தாவில் பார்த்த எண் தப்பு, ஆனால் பிரஷர் இருக்கிறது என்று சொன்னது சரி. "வீட்டில் 138தானே, ஒன்றுமில்லை" என்று நாங்கள் விட்டிருந்தால் அதுதான் பெரிய தப்பாகியிருக்கும். அந்த ஒரு வாரத்தை எப்படிச் செய்வது, கிடைக்கும் எண்ணை வைத்து இதயத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த எண் எதை அளக்கிறது

பிரஷர் என்பது ஆதியில் ஓர் உயரம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி நிமிர்த்திப் பிடித்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-ல் அதை நூலாக வெளியிட்டார். மனிதர்களுக்கு இப்படிச் செய்ய முடியாது இல்லையா? 1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டையின் காற்றை இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தை வைத்து மேல் எண், கீழ் எண் இரண்டையும் பிடித்தார்.

120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். பாதரசத்துக்குப் பதில் ரத்தத்தையே நிறுத்தினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம் நிற்கும். இந்த உயரக் கணக்கை மறந்துவிடாதீர்கள், கையை எங்கே வைப்பது என்ற இடத்தில் மறுபடி தேவைப்படும்.

மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது. கீழ் எண் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே, இதயம் தளர்ந்திருக்கும்போது இருப்பது. மாடி ஏறினால், சண்டை போட்டால், சிறுநீரை அடக்கினால் இரண்டும் ஏறும். அது உடம்பின் இயல்பு, நோய் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஏறியே கிடந்தால்தான் இதயத்துக்குப் பிரச்சினை. அதனால்தான் மருத்துவர்கள் ஓய்வுநிலை ரத்த அழுத்தம் என்று அழுத்திச் சொல்கிறார்கள்.

இதயத்துக்குள் நடப்பது

ஓர் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு முறையும் எதிரே இருக்கும் அழுத்தத்தை மீறித்தான் வால்வைத் திறந்து ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். எதிர்ப்பு கூடினால் இடது கீழறையின் சுவர், மூட்டை தூக்குகிறவரின் புஜம் போலத் தடிக்கிறது. புஜம் தடித்தால் பலம். இதயச் சுவர் தடித்தால் அப்படியில்லை. தடித்த சுவர் சரியாகத் தளராது, அறைக்குள் ரத்தம் நிரம்பச் சிரமப்படும். அதற்கே ரத்தம் அதிகம் தேவைப்படும், ஆனால் வரத்து அந்த அளவுக்குக் கூடாது. இதற்குப் பின்னால் இருக்கும் மேலறை விரிந்து, துடிப்பின் தாளம் தவறலாம். தாளம் தவறிய மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். வருடக்கணக்கில் போராடிய கீழறை களைத்துப்போனால் இதயச் செயலிழப்பு: படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும்.

இது ஒரு வழி. இன்னொன்று குழாய் வழி. அதிக அழுத்தம் தமனியின் உள்பூச்சைச் சேதப்படுத்துகிறது. அந்த இடத்தில் கெட்ட கொழுப்பு நுழைந்து படிகிறது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனியில் அந்தப் படிவு வெடித்து, மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

இவையெல்லாம் தெரியாத காலமும் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் ப்ரூன் பரிசோதித்தபோது பிரஷர் 186/108, இதயம் பெரிதாகியிருந்தது. அன்றைக்கு உருப்படியான பிரஷர் மாத்திரை எதுவும் கிடையாது. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்ற பழைய இதய மருந்தைக் கொடுத்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவால் அவர் இறந்தபோது பதிவான எண் 300/190. வயது 63. மூன்று வருடம் கழித்து, 1948-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. "வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும்" என்ற நம்பிக்கையை உடைத்ததில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ஊரில் இன்னும் "வயதோடு நூறைக் கூட்டினால் நார்மல்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 70 வயதுக்காரருக்கு 170 நார்மல் இல்லை. தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

எவ்வளவு ஏறினால் எவ்வளவு ஆபத்து? 61 ஆய்வுகளையும் பத்து லட்சம் பேரையும் சேர்த்து 2002-ல் வந்த கணக்கு இது: 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு, 115/75-க்கு மேலே மேல் எண் 20 கூடினாலும் சரி, கீழ் எண் 10 கூடினாலும் சரி, மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 115-க்கும் 155-க்கும் இடையே இரண்டு இரட்டிப்பு, அதாவது நான்கு மடங்கு. கவனியுங்கள், 140-ல் திடீரென்று தொடங்குகிற ஆபத்து இல்லை இது, படிப்படியாக ஏறுவது. 140 என்பது மாத்திரையைப் பற்றி யோசிக்க மருத்துவர்கள் போட்டுக்கொண்ட கோடு.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: மிஷினும் பட்டையும்

மேற்கையில் சுற்றும் டிஜிட்டல் மிஷின் வாங்குங்கள். மணிக்கட்டு மிஷின், ஸ்மார்ட்வாட்ச் வேண்டாம். முறைப்படி துல்லியம் சோதிக்கப்பட்ட மாடலா என்று பார்த்து வாங்குவது நல்லது.

மிஷினைவிடப் பட்டை முக்கியம். தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைதான் பொருந்தும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாக ஏறும். இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிட வேண்டிவரும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

டிஜிட்டல் மிஷின் சத்தம் கேட்பதில்லை, தமனியின் அதிர்வை உணர்ந்து கணக்கிடுகிறது. துடிப்பின் தாளம் சீராக இல்லாவிட்டால் குழம்பும். ஒழுங்கற்ற துடிப்பு என்ற அடையாளத்தைத் திரையில் திரும்பத் திரும்பக் காட்டினால் மிஷின் கோளாறு என்று விட்டுவிடாமல் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

படி 2: உட்காரும் விதம்

பெரும்பாலான தப்பு நடப்பது இங்கேதான்.

காப்பி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவானாலும் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். கட்டில் ஓரம், திண்ணை, ஸ்டூல் வேண்டாம். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், கால் மேல் கால் கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே இறுக்கவும் கூடாது, அதுவே கயிறு கட்டியது போல் ஆகிவிடும். இறுக்கமான ரவிக்கை என்றால் தளர்வான நைட்டிக்கு மாறிக்கொள்வது நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு போதும்.

அடுத்தது கை. பட்டையின் நடுப்பகுதி இதயத்தின் மட்டத்தில், அதாவது நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். நம் வீட்டு டீப்பாய் இதற்கு ரொம்பத் தாழ்வு. கை 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அந்த 10 சென்டிமீட்டர் ரத்தத்தின் எடையும் சேர்ந்து, 7 அல்லது 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். மேலே சொன்ன குதிரைக் கணக்குதான். 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேஜையில் தாங்கிய கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கை மேல் எண்ணைச் சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்ட கை சுமார் 6.5 புள்ளியும் கூட்டிக் காட்டின. அப்பாவுக்கு டீப்பாய் மேல் இரண்டு தலையணை வைத்தோம், சரியாக வந்தது.

இப்போது ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். டிவி வேண்டாம், போன் வேண்டாம், பேச்சு வேண்டாம். பட்டை இறுக்கும்போதும் வாயைத் திறக்கக் கூடாது.

இந்த ஐந்து நிமிடத்தை அலட்சியம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்று காட்டிய ஸ்ப்ரின்ட் ஆய்வு 2015-ல் வந்தது. 9,361 பேர், சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. அதில் பிரஷர் பார்த்ததே ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு, தானியங்கி மிஷினில். அவசரமாக வராந்தாவில் பார்த்த எண்ணை அந்த 120-ஓடு ஒப்பிடவே முடியாது.

படி 3: எப்போது, எத்தனை முறை

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்த பின், மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்பு இரண்டு தடவை. இரவு சாப்பாட்டுக்கு முன்பு இரண்டு தடவை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம் இடைவெளி. இப்படி ஏழு நாள்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ, இனி எப்போதும் அந்தக் கைதான். மேல் எண்ணில் வித்தியாசம் திரும்பத் திரும்ப 15-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு பக்கத் தமனியில் அடைப்பு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

அப்பாவின் நோட்டில் மூன்றாம் நாள் இப்படி இருந்தது: காலை 6.40, 151/90, 147/89. இரவு 8.30, 143/86, 140/85. பக்கத்தில் "ராத்திரி கரண்ட் இல்லை, கொசு" என்று ஒரு குறிப்பு. இந்த மாதிரி குறிப்பு நல்லதுதான். ஆனால் நான்காம் நாள் எல்லாம் 140, 135 என்று அழகாக வந்தது. மிஷினின் மெமரியைத் திருப்பிப் பார்த்தால், குறைவாக வரும்வரை ஐந்தாறு தடவை அமுக்கிவிட்டு, கடைசியில் வந்ததை மட்டும், அதையும் முழு எண்ணாக்கி எழுதியிருந்தார். கேட்டால், "டாக்டர் திட்டுவாரே!" என்கிறார். பரீட்சை எழுதுகிற மனநிலையில்தான் பலர் பிரஷர் பார்க்கிறார்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள்.

படி 4: சராசரி

முதல் நாள் எண்களை அடித்துவிடுங்கள், அது பழகும் நாள். மீதி ஆறு நாளில் 24 அளவுகள் இருக்கும். மேல் எண்களைத் தனியாகக் கூட்டி 24-ஆல் வகுங்கள், கீழ் எண்களையும் அப்படியே.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம். இது கிளினிக்கில் பார்க்கும் 140/90-க்குச் சமம். இரண்டு எண்ணில் ஒன்று தாண்டினாலே கணக்கில் வரும். அமெரிக்கர்கள் 2017-லிருந்து கோட்டை 130/80-க்கு இறக்கிவிட்டார்கள். ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் 2024-ல் 140/90-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கிளினிக்கில் 120 முதல் 139 வரை இருப்பதை "உயர்ந்த நிலை" என்று தனியாகப் பிரித்தது. கோட்டை எங்கே போடுவது என்ற வாதம் அது, ஆபத்து படிப்படியாகத்தான் ஏறுகிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

கிளினிக்கில் அதிகம், வீட்டில் சரி என்றால் வெள்ளைக்கோட்டு பயம். உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் பின்னால் நிஜமான பிரஷராக மாறும் வாய்ப்பு உண்டு, வருடா வருடம் இந்த ஏழு நாளைச் செய்யுங்கள். நான் பயப்படுவது இதற்கு நேர் எதிரான ஆட்களைப் பார்த்துத்தான்: கிளினிக்கில் 128, வீட்டில் 145. மறைந்திருக்கும் பிரஷர். புகைப்பவர்கள், குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று விழிப்பவர்கள், வேலை அழுத்தத்தில் இருப்பவர்கள் மத்தியில் இது அதிகம். கிளினிக்கில் "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், இதயச் சுவர் பாட்டுக்குத் தடித்துக்கொண்டிருக்கும்.

படி 5: எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

இரண்டு பேருக்கும் சராசரி 138/86. ஒருவருக்கு 35 வயது, வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. இன்னொருவருக்கு 62 வயது, பத்து வருடமாக சர்க்கரை, இன்னும் பீடியை விடவில்லை. ஆபத்து இரட்டிப்பு என்றால் எதன் இரட்டிப்பு என்று கேட்க வேண்டும். முதலாமவருக்குச் சின்ன எண்ணின் இரட்டிப்பு, அவர் உப்பு, எடை, நடை என்று ஆரம்பித்து சில மாதம் பார்க்கலாம். இரண்டாமவருக்கு ஏற்கெனவே பெரிய எண், அவர் காத்திருக்கக் கூடாது.

வயதானவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "கீழ் பிரஷர் நார்மல்தான், மேலேதான் கொஞ்சம் ஜாஸ்தி." 165/70 என்பது பெருந்தமனி விறைத்துப்போனதன் அடையாளம். ஐம்பது, ஐம்பத்தைந்துக்கு மேல் கீழ் எண் தானாகவே இறங்கத் தொடங்கும், அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் பாய்கிறது, அதாவது கீழ் எண்ணின் நேரத்தில். அதனால்தான் இதய அடைப்பு இருக்கும் முதியவர்களுக்கு மருத்துவர்கள் மேல் எண்ணை மெதுவாக, கீழ் எண்ணைக் கவனித்துக்கொண்டே இறக்குகிறார்கள்.

படி 6: நோட்டோடு மருத்துவரிடம்

சராசரி அதிகம் என்றால் இவற்றைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்: ஈ.சி.ஜி., ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். ஈ.சி.ஜி.யில் சுவர் தடித்த அறிகுறியோ மூச்சு வாங்கலோ இருந்தால் எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். எக்கோ ரிப்போர்ட்டில் இடது கீழறைச் சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கும், அதை நோட்டில் குறித்துவையுங்கள், அடுத்த முறை ஒப்பிடலாம். தமிழ்நாட்டில் பிரஷர், சர்க்கரை பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

படி 7: உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. யார் அளந்து போடுவார்கள்? அதற்கு ஒரு வழி: ஒரு கிலோ பாக்கெட் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதிவையுங்கள். நான்கு பேர் குடும்பத்தில் அது 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 31 நாளில் தீர்ந்தது, ஆளுக்கு 8 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. மோருக்கும் தயிர் சாதத்துக்கும் மேலே தூவும் உப்பை நிறுத்தியதும் பாக்கெட் பத்து நாள் கூட வந்தது.

பொட்டாசியம் கலந்த உப்பு பற்றி: சீனாவின் 600 கிராமங்களில் சாதா உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, முடிவு 2021-ல் வெளியானது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அப்புறம், வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, எடைக் குறைப்பு, மது குறைப்பு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. முருங்கைக்கீரை நல்லது, சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

படி 8: மாத்திரை

123 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த முடிவு: மேல் எண்ணை 10 புள்ளி இறக்கினால் பக்கவாதம் 27 சதவீதம், இதயச் செயலிழப்பு 28 சதவீதம், கரோனரி இதய நோய் 17 சதவீதம் குறைகின்றன. இதயத்துக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்பு வேறு அதிகமில்லை.

"நார்மல் ஆகிவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் கதை. மாத்திரையால்தான் நார்மல் ஆனது. அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரில், ராமிப்ரிலில் வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று இருக்கிறது, சொன்னால் மாற்றித் தருவார்கள். அட்டனலால், மெட்டோப்ரலால் வகையைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், மூக்கடைப்பு மாத்திரை இரண்டும் பிரஷரை ஏற்றும். காலையா, இரவா என்ற கேள்விக்கு, பிரிட்டனில் 21,104 பேரை வைத்துப் பார்த்து 2022-ல் சொன்ன பதில்: பாதுகாப்பில் வித்தியாசம் இல்லை, மறக்காத நேரம் எதுவோ அதுவே சரி. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் உட்கார்ந்து ஒன்று, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒன்று எனப் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது ஓட வேண்டும்

180/120-ஐத் தாண்டியதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல் இதில் ஏதாவது இருந்தால் உடனே 108. எண் குறைவாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் வந்தால் மிஷினை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எண் மட்டும் அதிகம், வேறு எதுவும் இல்லை என்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பார்த்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நாக்குக்கு அடியில் நிஃபிடிபின் என்ற பிரஷர் மருந்தை வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். திடீரென்று பிரஷர் சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துபோகும்.

மாத்திரை ஆரம்பித்து நான்கு வாரம் கழித்து அதே ஏழு நாளை மறுபடி செய்ய வேண்டும். அப்பாவின் இரண்டாம் நோட்டுச் சராசரி 128/78. இப்போது அவர் ஆளே மாறிவிட்டார். மிஷின் இரவல் கொடுத்த அக்காவையே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தலையணை வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைக்கிறார். அக்காவால் மூன்றாவது நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருக்க முடிவதில்லை. அப்பா முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறார்.